வாயை விட்டுப் போன இறந்தகாலம்

பிரெஞ்சு மொழியில் ஒரு இறந்தகாலம் இருக்கிறது. அதில் இப்ப ஒருவரும் கதைப்பதில்லை. பாண் கடையில், ரயிலில், வேலையிடத்தில், வீட்டுக் குசினியில் அது காதில் விழாது. நேற்று என்ன நடந்தது என்று ஒரு அம்மா பிள்ளைக்குச் சொல்லும்போது அதைப் பாவிக்க மாட்டார். ஆனால் அதே அம்மா இரவில் கதைப்புத்தகத்தை விரித்து வாசிக்கத் தொடங்கினால் இரண்டாம் பக்கத்துக்குள் அது வந்துவிடும். ஓநாய் கதவைத் தட்டியதும், இளவரசி கண் விழித்ததும், ராசா செத்துப் போனதும் அந்தக் காலத்தில்தான் எழுதப்பட்டிருக்கும்.

அதன் பெயர் பாஸே சேம்ப்ல். தமிழில் 'எளிய இறந்தகாலம்' என்று சொல்லலாம். பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. துணைவினை இல்லாமல் ஒற்றைச் சொல்லாக வருவதால்தான் 'எளிய' என்று பெயர். இதற்குப் போட்டியாக இருப்பது பாஸே கொம்போஸே, அதாவது கூட்டு இறந்தகாலம். துணைவினை ஒன்று, பெயரெச்சம் மாதிரியான ஒரு வடிவம் இன்னொன்று என்று இரண்டு சொல் சேர்ந்து வருவது. இன்றைக்குப் பிரான்சில் வாய் திறந்து இறந்தகாலம் சொல்லுகிற எல்லாரும் பாவிப்பது இந்தக் கூட்டுக் காலத்தைத்தான். கூடவே, நீண்டு நடந்ததையும் வழமையாக நடந்ததையும் சொல்ல வேறொரு இறந்தகாலமும் உண்டு. அது பேச்சிலும் எழுத்திலும் உயிரோடு இருக்கிறது. எங்கட பிரச்சினை முதல் இரண்டோடுதான்.

இலங்கையில் இருந்துகொண்டு இதைப் பற்றி ஏன் எழுத வேண்டும்? 1980களில் இருந்து எங்கட ஆக்கள் ஆயிரக்கணக்கில் பிரான்சுக்குப் போயிருக்கினம். பாரிசில் லா ஷப்பெல் தெருக்களில் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் வரிசையாகத் தொங்குகின்றன. போன தலைமுறையில் பலர் பிரெஞ்சைப் படித்தது உணவக அடுப்படியிலும் துப்பரவு வேலையிலும் அலுவலக வரிசைகளிலும்தான். அவர்களுக்குக் காதால் வந்த பிரெஞ்சில் இந்தக் காலம் இல்லவே இல்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்து கொண்டு வருகிற வாசிப்புப் புத்தகத்திலோ அது நிறைஞ்சு கிடக்கும். இருபது வருசம் பாரிசில் கதைத்துப் பழகின ஒரு தகப்பனால் எட்டு வயதுப் பிள்ளையின் கதைப்புத்தகத்தில் ஒரு வினைச்சொல்லை விளங்கிக்கொள்ள முடியாமல் போகலாம். இது புலம்பெயர்ந்த சனத்துக்கு மட்டும் நடக்கிற விசயமும் இல்லை. பிரெஞ்சுத் தொழிலாளர் வீடுகளில் நூறு வருசத்துக்கு மேலாக இது நடந்திருக்கிறது. ஒரு வினைவடிவம் எப்படி வேலியாகிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

முதலில் வாய்ப்பாடு

வரலாற்றுக்குப் போக முதல், இந்தக் காலம் எப்படி இருக்கும் என்று பார்ப்பம். ஒழுங்கான வினைகளுக்கு இது அவ்வளவு கஷ்டமில்லை.

பிரெஞ்சில் மிகப் பெரிய வினைக் கூட்டம் 'ஏ' ஒலியில் முடியும் முதல் வகை. 'பார்லே' என்றால் கதைக்க. எளிய இறந்தகாலத்தில் அது இப்படி மாறும்:

நான்: ஜெ பார்லே
நீ: து பார்லா
அவன்: இல் பார்லா
நாங்கள்: நூ பார்லாம்
நீங்கள்: வூ பார்லாத்
அவர்கள்: இல் பார்லேர்

இரண்டாவது வகை 'ஃபினிர்' போன்றவை. முடிக்க என்று பொருள். ஜெ ஃபினி, து ஃபினி, இல் ஃபினி, நூ ஃபினீம், வூ ஃபினீத், இல் ஃபினீர். மூன்றாவது வகை 'பெர்த்ர்' போன்றவை. தொலைக்க, இழக்க என்று பொருள். இதற்குத் தனி விகுதிகள் இல்லை. இரண்டாவது வகையின் விகுதிகளையே எடுத்துக்கொள்கிறது: ஜெ பெர்தி, து பெர்தி, இல் பெர்தி, நூ பெர்தீம், வூ பெர்தீத், இல் பெர்தீர்.

ஆக, ஒழுங்கான வினைகளுக்கு மொத்தம் இரண்டே இரண்டு வரிசை. ஒன்று 'ஆ' வரிசை, மற்றது 'ஈ' வரிசை. ஒழுங்கில்லாத வினைகளுக்கு 'உ' வரிசை ஒன்று இருக்கிறது. 'இருந்தான்' என்பதற்கு இல் ஃபு, 'இருந்தார்கள்' என்பதற்கு இல் ஃபுர். வருதல், பிடித்தல் ஆகியவற்றுக்கும் அவற்றில் இருந்து பிறந்த வினைகளுக்கும் மூக்கொலியோடு ஒரு சின்ன வரிசை உண்டு. அவ்வளவுதான்.

காதுக்கு எளிது என்றாலும் கைக்கு அப்படியில்லை. 'து பார்லா' என்று எழுதும்போது கடைசியில் ஒலிக்காத ஒரு 'எஸ்' போட வேண்டும், 'இல் பார்லா'வுக்குப் போடக் கூடாது. 'இல் பார்லேர்' என்பதன் முடிவில் உச்சரிக்காத எழுத்து மூன்று நிற்கும். 'மான்ஜே', அதாவது சாப்பிட, என்ற வினையில் 'ஆ' விகுதி வந்தால் 'ஜ' ஒலி 'க' ஆகிவிடும் என்பதால் நடுவில் ஒரு 'இ' எழுத்தைச் செருகி எழுத வேண்டும். 'கொமான்ஸே', அதாவது தொடங்க, என்ற வினையில் அதே காரணத்துக்காக 'சி' எழுத்துக்குக் கீழே ஒரு வால் போட வேண்டும். 'இல் பார்லேர்' மாதிரி 'ஏ'யில் தொடங்கும் விகுதி வந்தால் இரண்டும் தேவையில்லை. நாங்கள், நீங்கள் வடிவங்களில் உயிரெழுத்துக்கு மேல் கூரை மாதிரி ஒரு குறியும் வைக்க வேண்டும்.

அந்தக் கூரை எங்கிருந்து வந்தது என்பது ஒரு தனிக் கதை.

இல்லாத எழுத்துக்கு ஒரு கூரை

பிரெஞ்சு லத்தீனில் இருந்து வந்தது. பாடுதல் என்ற லத்தீன் வினை 'கான்தாரே'. 'நான் பாடினேன்' என்பதற்கு லத்தீனில் 'கான்தாவி'. அதுதான் தேய்ந்து பிரெஞ்சில் 'ஷான்தே' ஆனது. அவர்கள் பாடினார்கள் என்பது 'கான்தாவேருன்த்', பிறகு 'கான்தாருன்த்', பிறகு 'ஷான்தேர்'. ஆக, இன்றைக்குப் புத்தகத்தனமாகத் தெரிகிற இந்தக் காலம் பிற்காலப் பண்டிதர் யாரும் செய்துவைத்தது இல்லை. ரோமப் படைவீரனும் சந்தைக்காரியும் பாவித்த சாதாரண இறந்தகாலத்தின் நேர் வாரிசு. கூட்டு இறந்தகாலத்தை விடக் கிழடு.

'நீங்கள் பாடினீர்கள்' என்பதன் லத்தீன் வடிவத்தில் 'ஸ்' ஒலி இருந்தது: 'கான்தாஸ்திஸ்'. பழைய பிரெஞ்சில் அந்த 'ஸ்' எழுதவும் பட்டது, உச்சரிக்கவும் பட்டது. பிறகு உச்சரிப்பில் இருந்து அது விழுந்துவிட்டது. ஆனாலும் கனகாலம் எழுதிக்கொண்டே இருந்தார்கள். 1740இல் பிரெஞ்சு அகாடமி தன் அகராதியின் மூன்றாம் பதிப்பைக் கொண்டுவந்தபோது, இப்படி ஒலிக்காமல் நின்ற எஸ் எழுத்துகளில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, பக்கத்து உயிரெழுத்தின் தலையில் கூரைக் குறியை வைத்தது. 'இங்கே ஒரு எழுத்து இருந்தது' என்பதற்கான அடையாளம் அது.

இதில் பகிடி என்னவென்றால், 'நாங்கள் பாடினோம்' வடிவத்திலும் அதே கூரை இருக்கிறது. லத்தீனில் அது 'கான்தாவிமுஸ்'. விகுதிக்குள் அந்த இடத்தில் 'ஸ்' ஒருநாளும் இருந்ததில்லை. பக்கத்து வீட்டு 'நீங்கள்' வடிவத்தைப் பார்த்து 'நாங்கள்' வடிவத்துக்கும் ஒரு எஸ் போட்டு எழுதத் தொடங்கினார்கள், பிறகு அந்தப் பொய் எஸ்ஸை எடுத்துவிட்டு அதற்கும் கூரை போட்டார்கள். இன்றைக்கும் பிள்ளைகள் சொல்வதெழுதலில் அந்தக் குறியை மறந்தால் சிவப்புக் கோடு விழுகிறது. ஒருபோதும் இல்லாத ஒரு எழுத்தின் நினைவுக்காகப் புள்ளி குறைகிறது.

போட்டிக்காரன் வந்த வழி

கூட்டு இறந்தகாலம் எப்படிப் பிறந்தது? பிற்கால லத்தீனில் 'எழுதின கடிதம் ஒண்டு என்னட்டை இருக்கு' என்கிற மாதிரி ஒரு சொல்முறை இருந்தது. 'என்னிடம் உண்டு' என்ற வினையும், 'எழுதப்பட்ட' என்ற வடிவமும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. தொடக்கத்தில் அது கடிதம் இப்ப கையில் இருக்கிற நிலையைத்தான் சொன்னது. மெல்ல மெல்ல, 'எழுதி முடிச்சிட்டன்' என்ற செயலைச் சொல்லத் தொடங்கியது. எங்கட மொழியிலும் 'எழுதியிருக்கிறேன்' என்று 'இரு' என்ற வினையைத் துணைக்கு எடுத்துக்கொள்கிறோம்தானே. பாதை முற்றாக ஒன்றில்லை, ஆனால் உணர்வு விளங்கும். நடந்தது முடிந்தாலும் அதன் பலன் இப்பவும் கையில் இருக்கிறது என்ற உணர்வு.

அப்படியென்றால் பழைய பிரெஞ்சில் இரண்டுக்கும் தனித்தனி வேலை இருந்தது. இப்போதோடு ஒட்டி நிற்கிற இறந்தகாலத்துக்கு ஒன்று. அறுந்து, முடிந்து, தூரப் போன இறந்தகாலத்துக்கு மற்றது. 16, 17ஆம் நூற்றாண்டு இலக்கணக்காரர் இந்த வித்தியாசத்தை விதியாக்கினார்கள். ஆன்ரி எஸ்தியென் போன்றவர்களின் காலத்தில் இருந்து வந்த அந்த விதிக்கு '24 மணிநேர விதி' என்று பெயர். செயல் நடந்ததற்கும் சொல்வதற்கும் நடுவில் ஒரு இரவு போயிருந்தால் எளிய இறந்தகாலம். இன்றைக்கு நடந்ததென்றால் கூட்டு இறந்தகாலம். 1660இல் வெளிவந்த புகழ்பெற்ற போர்-ரோயால் இலக்கணமும் இதைச் சொல்கிறது.

இந்த விதிக்கு ஒரு நாடகாசிரியர் மாட்டுப்பட்டார். 1637இல் பாரிசில் கோர்னேயின் 'ல சித்' நாடகம் அரங்கேறிப் பெரிய வெற்றி பெற்றது. அதோடு பெரிய சண்டையும் வெடித்தது. அப்போது புதிதாகத் தொடங்கியிருந்த பிரெஞ்சு அகாடமி நாடகத்தை வரிவரியாக விமர்சித்தது. ஒரு பாத்திரம் இன்னொருவரைக் கன்னத்தில் அறைந்துவிட்டு, பிறகு அதைப் பற்றிக் கதைக்கும்போது எளிய இறந்தகாலத்தைப் பாவிக்கிறது. அகாடமி பிடித்துக்கொண்டது: அறைந்ததற்கும் சொன்னதற்கும் நடுவில் ஒரு இரவு போகவில்லையே, கூட்டுக் காலத்தில் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்? கோர்னே பின்னர் அந்த வரியையே மாற்றி எழுதினார். நாடகம் முழுக்க 24 மணிநேரத்துக்குள் நடந்து முடிய வேண்டும் என்று இன்னொரு விதியும் அந்தக் காலத்தில் இருந்தது. இரண்டு விதியையும் சேர்த்துப் பார்த்தால் நாடகப் பாத்திரம் ஒன்றால் நாடகத்துக்குள் நடந்த எதையும் எளிய இறந்தகாலத்தில் சொல்லவே முடியாது.

இந்த விதியைக் கேலி செய்ய வேண்டியதில்லை. ஸ்பெயினின் மத்ரித் பக்கத்தில் இன்றைக்கும் ஏறக்குறைய இப்படித்தான் கதைக்கிறார்கள். இன்று காலை சாப்பிட்டதற்குக் கூட்டு வடிவம், நேற்றுச் சாப்பிட்டதற்கு எளிய வடிவம். பிரெஞ்சில் அந்தச் சமநிலை குலைந்துவிட்டது.

எப்படிச் செத்தது?

கூட்டுக் காலம் இன்றைக்கு என்ற எல்லையைத் தாண்டி நேற்றுக்குள் புகுந்தது, பிறகு போன வருசத்துக்குள், பிறகு எல்லா இறந்தகாலத்துக்குள்ளும். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பாரிஸ் பேச்சில் இருந்து எளிய இறந்தகாலம் விலகிப் போனது. 1909இல் மொழியியலாளர் அந்த்வான் மெய்யே இந்த மறைவைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார்.

காரணங்களில் சிலவற்றை மேலே போட்ட வாய்ப்பாட்டிலேயே பார்க்கலாம். 'ஜெ பார்லே' என்பது கதைக்க என்ற வினையின் மூல வடிவத்தைப் போலவே ஒலிக்கிறது. கூட்டுக் காலத்தில் வருகிற 'பார்லே'யும் அதே ஒலிதான். பலருடைய உச்சரிப்பில், வழமையாக நடந்ததைச் சொல்கிற மற்ற இறந்தகாலத்தின் தன்மை வடிவத்தோடும் அது கலந்துவிடுகிறது. இரண்டாவது வகை இன்னும் மோசம். 'இல் ஃபினி' என்றால் 'அவன் முடிக்கிறான்' என்பதும் அதுதான், 'அவன் முடித்தான்' என்பதும் அதுதான். ஒருமையில் மூன்று இடத்திலும் நிகழ்காலமும் எளிய இறந்தகாலமும் ஒலியிலும் எழுத்திலும் ஒன்று. காதால் பிரித்தறிய முடியாத காலத்தை வைத்துக்கொண்டு கதைக்கிறவர் என்ன செய்வார்?

கூட்டுக் காலத்தில் இந்தச் சிக்கல் இல்லை. துணைவினையின் நிகழ்கால வடிவம் எல்லாருக்கும் மனப்பாடம். அதோடு ஒவ்வொரு வினைக்கும் ஒரேயொரு வடிவத்தைத் தெரிந்தால் போதும். சனம் இலகுவானதை எடுத்துக்கொண்டது. இது பிரெஞ்சுக்கு மட்டும் நடந்ததும் இல்லை. தெற்கு ஜெர்மன் பேச்சிலும் வடக்கு இத்தாலியப் பேச்சிலும் இதே மாதிரிக் கூட்டு வடிவம் எளிய வடிவத்தைத் தள்ளிவிட்டது. பிரான்சுக்குள்ளேயே தெற்கில் பேசப்பட்ட ஒக்சித்தான் மொழி தன்னுடைய எளிய இறந்தகாலத்தைப் பேச்சில் விடவில்லை. ஆங்கிலக் கால்வாயில் இருக்கிற ஜேர்சித் தீவின் நோர்மன் பேச்சிலும் அது தங்கிவிட்டது.

பெயர் விசயத்திலும் ஒரு குழப்பம் உண்டு. போர்-ரோயால் இலக்கணம் கூட்டுக் காலத்தை 'வரையறுத்தது' என்றும் எளிய காலத்தை 'வரையறுக்காதது' என்றும் அழைத்தது. பின்னாளில் பள்ளி இலக்கணங்கள் இதை நேர் தலைகீழாக்கிவிட்டன. 'எளிய', 'கூட்டு' என்ற இன்றைய பெயர்கள் 20ஆம் நூற்றாண்டுப் பள்ளிக்கூடங்களில்தான் நிலைத்தன.

பள்ளிக்கூடம் கையில் எடுத்தது

பேச்சில் செத்த வடிவம் எழுத்தில் ஏன் சாகவில்லை? இங்கேதான் அரசியல் வருகிறது.

1794இல், புரட்சிக் காலத்தில், பாதிரியார் கிரேகுவார் தேசிய சபையில் ஒரு அறிக்கை வைத்தார். பிரான்சின் வட்டார மொழிகளை ஒழித்துப் பிரெஞ்சைப் பொதுவாக்குவதுதான் அதன் நோக்கம். கிராமப் புறங்களில் குறைந்தது 60 இலட்சம் பேருக்குத் தேசிய மொழியே தெரியாது என்றும், அதைச் சுத்தமாகப் பேசுகிறவர்கள் 30 இலட்சத்துக்கு மேல் இல்லை என்றும் அதில் சொன்னார். 1881, 1882இல் ஜூல் ஃபெரியின் சட்டங்கள் ஆரம்பக் கல்வியை இலவசமாகவும் கட்டாயமாகவும் ஆக்கின. பிரெத்தோன், ஒக்சித்தான், பாஸ்க் கதைத்த பிள்ளைகள் வகுப்புக்கு வந்தார்கள். வட்டார மொழி கதைத்துப் பிடிபட்ட பிள்ளையின் கையில் ஒரு மரத்துண்டையோ பழைய செருப்பையோ கொடுத்து அவமானப்படுத்துகிற வழக்கம் பல இடங்களில் இருந்தது.

அந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பித்த பிரெஞ்சு, எழுத்துப் பிரெஞ்சு. அதாவது பாரிசிலேயே வாயில் இல்லாத ஒரு காலத்தை, பிரெஞ்சே வீட்டுமொழியாக இல்லாத பிள்ளை ஆறு இடத்துக்கும் மனப்பாடம் செய்ய வேண்டும். பெஷெரெல் வினை வாய்ப்பாடுகள் 19ஆம் நூற்றாண்டில் இருந்தே வந்துகொண்டிருந்தன. அந்தப் பெயர் இன்றைக்கும் பிரான்சில் வினை வாய்ப்பாட்டுக்கே மறுபெயர். ஆரம்பக் கல்விச் சான்றிதழ்ப் பரீட்சையில் சொல்வதெழுதலில் ஐந்து பிழை விட்டால் சைபர். வீட்டில் புத்தகம் இருந்த பிள்ளைக்கு 'நூ பார்லாம்' என்ற ஒலி ஏற்கெனவே பழக்கம். புத்தகம் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அது வேற்றுமொழி.

இதில் ஒரு நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். அதே பள்ளிக்கூடம்தான் விவசாயி வீட்டுப் பிள்ளைக்கு வோல்த்தேரையும் யூகோவையும் வாசிக்கிற கண்ணைக் கொடுத்தது. எளிய இறந்தகாலம் தெரியாவிட்டால் அந்த நூலகம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும். வேலியும் திறப்பும் ஒரே இடத்தில் இருந்தன.

எழுத்தாளர்கள் சண்டை பிடித்த காலம்

20ஆம் நூற்றாண்டில் எழுத்தாளர்களே இந்தக் காலத்தைக் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். 1942இல் வந்த ஆல்பேர் காம்யூவின் 'லெத்ரான்ஜே' நாவல் பெரும்பாலும் கூட்டு இறந்தகாலத்தில் சொல்லப்பட்டது. நாவலென்றால் எளிய இறந்தகாலம் என்று பழகின வாசகருக்கு அது அதிர்ச்சி. அடுத்த வருசமே சார்த்ர் அதைப் பற்றி எழுதினார். அந்த நாவலின் ஒவ்வொரு வாக்கியமும் தனித் தீவாக நிற்பதற்கு இந்தக் காலத் தெரிவும் ஒரு காரணம் என்பது அவருடைய வாதம். எளிய இறந்தகாலம் சம்பவங்களைச் சங்கிலியாகக் கோர்க்கும். கூட்டுக் காலம் கோர்க்காமல் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும். காம்யூவுக்கு எளிய காலம் தெரியாமல் இல்லை. 1947இல் வந்த 'ல பெஸ்த்' நாவலில், ஒரு நகரத்தின் கொள்ளைநோயை வரலாற்றுக் குறிப்பு மாதிரிச் சொல்லும்போது, அதே ஆள் எளிய இறந்தகாலத்துக்குத் திரும்பினார்.

முதல் நாவலை வெ. ஸ்ரீராமின் மொழிபெயர்ப்பில் 'அந்நியன்' என்று நாங்கள் தமிழில் வாசிக்கலாம். ஆனால் இந்த வித்தியாசம் தமிழுக்கு வந்து சேராது. மொழிபெயர்ப்பாளரின் குறை இல்லை அது. இரண்டு பிரெஞ்சு வடிவத்துக்கும் தமிழில் 'போனேன்' என்ற ஒரே சொல்தான் கிடைக்கும். பிரெஞ்சு வாசகருக்கு முதல் பக்கத்திலேயே காதில் உறைத்த விசயம் எங்களுக்குக் கேட்கவே கேட்காது.

1953இல் ரோலான் பார்த் 'எழுத்தின் பூச்சியப் பாகை' என்று பொருள்படும் தன் முதல் நூலில் இந்தக் காலத்தையே குற்றக் கூண்டில் ஏற்றினார். அது நடந்ததைச் சொல்வதை விட 'இது இலக்கியம்' என்று அறிவிக்கிற வேலையைத்தான் செய்கிறது என்றார். குழப்பமான உலகத்தை ஒழுங்கான, விளங்கிக்கொள்ளக் கூடிய வரிசையாகக் காட்டி வாசகரை நிம்மதிப்படுத்துகிறது, அந்த நிம்மதி நடுத்தர வர்க்கத்தின் நிம்மதி என்பது அவருடைய பார்வை. 1959இல் மொழியியலாளர் எமில் பென்வெனிஸ்த் வேறு விதமாகப் பார்த்தார். பிரெஞ்சில் இறந்தகாலம் இரண்டு முறைமைகளாகப் பிரிந்து நிற்கிறது, ஒன்று 'வரலாறு', மற்றது 'உரை' என்றார். எளிய காலத்தில் சொன்னால் சொல்கிற ஆள் தெரிய மாட்டார், சம்பவங்கள் தாங்களாகவே நடப்பது மாதிரி இருக்கும். கூட்டுக் காலத்தில் சொன்னால் 'நான் உனக்கு இப்ப சொல்லுறன்' என்று ஒரு ஆள் பின்னால் நிற்பார்.

இதற்கு நல்ல உதாரணம் அனி எர்னோ. 1983இல் வந்த 'ல பிளாஸ்' நூலில், நோர்மாந்தியின் சின்ன ஊரில் தேநீர்க்கடையும் பலசரக்குக் கடையும் வைத்திருந்த தன் தகப்பனைப் பற்றி எழுதினார். படித்து ஆசிரியையாகி வேறு வர்க்கத்துக்குப் போன மகள், தகப்பனின் வாழ்க்கையைச் சொல்ல எடுத்துக்கொண்டது அலங்காரமில்லாத தட்டை எழுத்தை. அந்த நூல் தொடங்குவது கூட்டு இறந்தகாலத்தில். பள்ளிக்கூடம் தந்த 'அழகான' காலத்துக்குள் தகப்பனை ஏற்றினால் அவர் வேறு ஆளாகிவிடுவார். 2022இல் எர்னோவுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இன்றைய சண்டை

2016இல் பிரான்சில் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டம், ஆரம்பப் பள்ளியின் மேல்வகுப்புப் பிள்ளைகள் எளிய இறந்தகாலத்தில் படர்க்கை வடிவங்களை மட்டும் மனப்பாடம் செய்தால் போதும் என்றது. அதாவது 'அவன்', 'அவர்கள்'. கதைகளில் அதிகம் வருவது அவைதான் என்பது காரணம். உடனே ஒரு சத்தம் எழுந்தது. தரம் குறைகிறது, மொழி அழிகிறது என்று ஒரு பக்கம். ஒருவரும் சொல்லாத 'வூ பார்லாத்' எதற்கு என்று மற்றப் பக்கம்.

இதே காலப்பகுதியில் சிறுவர் புத்தகங்களிலும் மாற்றம் நடந்தது. எனிட் பிளைட்டனின் 'ஃபேமஸ் ஃபைவ்' கதைகள் எங்கட பக்கத்திலும் பலர் வாசித்தவை. அவற்றின் பழைய பிரெஞ்சு மொழிபெயர்ப்பு எளிய இறந்தகாலத்தில் இருந்தது. இந்த நூற்றாண்டில் வந்த திருத்திய பதிப்புகள் அதை எடுத்துவிட்டுக் கதையை நிகழ்காலத்தில் சொல்கின்றன. பிள்ளைகளுக்கு இலகுவாக்கினோம் என்பது பதிப்பின் பக்கத்து நியாயம். கஷ்டமான காலத்தைப் பிள்ளைகள் படிக்கிற இடமே கதைப்புத்தகம்தானே, அங்கேயும் எடுத்துவிட்டால் வேறு எங்கே படிப்பது என்பது மறுத்தவர்களின் கேள்வி.

எங்களுக்கு இரண்டாவது கேள்விதான் பெரிதாகப் படுகிறது. பணக்கார வீட்டுப் பிள்ளைக்குப் பழைய பதிப்பு வீட்டு அலுமாரியில் இருக்கும். லா ஷப்பெலிலோ பாரிசின் வடக்குப் புறநகரிலோ இருக்கிற பிள்ளைக்கு அந்தக் காலம் கிடைக்கக் கூடிய ஒரே இடம் பள்ளிக்கூடமும் பொது நூலகமும். 'இது உங்களுக்குத் தேவையில்லை' என்று இரக்கப்பட்டு எடுத்துவிடுவதும் ஒரு வேலிதான். படிப்பிக்க வேண்டும். ஆனால் 'இதுதான் நல்ல பிரெஞ்சு, உங்கட அப்பா கதைப்பது குறைப் பிரெஞ்சு' என்று படிப்பிக்கக் கூடாது. இது பழைய காலம், ஒரு காலத்தில் எல்லாரும் கதைத்தது, பிறகு எழுத்துக்குள் ஒதுங்கியது என்று சொல்லிக் கொடுக்கலாம். அப்பாவின் கூட்டு இறந்தகாலமும் பிரெஞ்சுச் சனம் நூற்றாண்டுகளாகக் கதைத்துக் கதைத்து வளர்த்த காலம்தான்.

வாசிக்க மட்டும் விரும்புகிற ஒருவருக்கு வாய்ப்பாடு முழுக்கத் தேவையும் இல்லை. 'ஆ' என்றும் 'ஏர்' என்றும் முடிந்தால் முதல் வகை, ஒருமையும் பன்மையும். 'ஈ', 'ஈர்' என்றால் மற்ற இரண்டு வகை. 'உ', 'உர்' என்றால் ஒழுங்கில்லாதவற்றில் பல. இந்த மூன்று சோடியைப் பிடித்துக்கொண்டால் 'குட்டி இளவரசன்' கதையின் பிரெஞ்சு மூலத்தைத் தட்டுத்தடுமாறி வாசிக்கத் தொடங்கலாம். பிள்ளையோடு சேர்ந்து அம்மாவும் அப்பாவும் வாசிக்கலாம்.

இதெல்லாம் பிரெஞ்சுக்காரரின் கூத்து என்று நாங்கள் தள்ளிவிடவும் முடியாது. 'அவர்கள் சென்றனர்' என்று நாங்கள் செய்தியில் வாசிக்கிறோம், பரீட்சையில் எழுதுகிறோம். வீட்டில் யாராவது 'மாமா ஆக்கள் சென்றனர்' என்று சொன்னதுண்டா? 'போட்டினம்' என்போம், 'போனவை' என்போம். மற்றப் பக்கமாகவும் பாருங்கள். 'நான் நேற்றே சொன்னனான்' என்று வடபகுதிப் பேச்சில் ஒரு இறந்தகாலம் இருக்கிறது. அது 'சொன்னேன்' இல்லை. சொன்னது உண்மை, மறக்காதே என்று அழுத்துகிற ஒரு தொனி அதில் உண்டு. எங்கட பாடப்புத்தக வாய்ப்பாட்டில் அதற்கு இடமில்லை. பிரெஞ்சில் எழுத்தில் மட்டும் இருக்கிற ஒரு இறந்தகாலத்துக்கு இலக்கணமும் அகாடமியும் 400 வருச விவாதமும் இருக்கின்றன. வாயில் மட்டும் இருக்கிற எங்கட இறந்தகாலத்தைக் கட்டுரையில் எழுதினால் ரீச்சர் சிவப்புப் பேனையால் சுழிப்பா.

'சொன்னனான், சொன்னனி, சொன்னவன், சொன்னவள், சொன்னனாங்கள், சொன்னனீங்கள், சொன்னவை.' இதையும் ஒருக்கா வாய்ப்பாடாக எழுதி வைப்பம்.